ஹாக்கி ஊரில் செலஸ்டின் சார்

கோவில்பட்டிக்கு வந்து ஃபுட்பால் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கலாம் என்று ஒருத்தன் நினைத்தால், அவனுக்குத் தலையில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். இதை நான் செலஸ்டின் சாரின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கோளாறுதான் அண்ணாச்சி. மருந்து இருந்தா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதப் போய்விட்டார்.

எங்கள் ஊர் ஹாக்கி ஊர். இங்கே முன்பல் இல்லாத ஆம்பளையைப் பார்த்தால் எந்த மேட்சில் போனது என்றுதான் கேட்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியும் கடலைமிட்டாய்க் கடைக்காரரும் ஒரே சிமெண்டுப் படியில் உட்கார்ந்து பெனால்டி கார்னருக்கு ஒன்றாகக் கத்துவார்கள். நானும் அந்தப் படியில் வளர்ந்தவன். பெயர் ஆறுமுகசாமி. ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் உதவியாளர். விளையாட்டு அணி வெளியூர் போனால் கூடவே ஒரு மேனேஜர் போகவேண்டும் என்று விதி. வாத்தியார்கள் யாரும் வெயிலில் நிற்கத் தயாராக இல்லாததால் ஃபுட்பால் அணிக்கு என்னைத் தள்ளிவிட்டார்கள். ஹாக்கி அணிக்குப் போகிறேன் என்று கேட்டேன், கொடுக்கவில்லை. அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் இருக்கிறது.

செலஸ்டின் சார் தூத்துக்குடிப் பக்கம், கடற்கரைக்காரர். அங்கே பையன்கள் மணலில் வெறுங்காலோடு பந்து உதைத்து வளர்கிறார்கள். அவரும் அப்படி வளர்ந்து, மாவட்ட அணி, மாநில அணி என்று போய், நல்ல வயசில் ஒரு மேட்சில் வலது முட்டி திரும்பிக்கொண்டது. அதோடு ஆட்டம் முடிந்தது. தான் ஓட முடியாவிட்டால் மற்றவர்களை ஓடவைக்கலாம் என்று உடற்கல்வி படித்தார். நாலைந்து பள்ளிக்கூடங்களில் பி.டி. வாத்தியாராக இருந்துவிட்டு எங்கள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. மனைவி சுஜா தூத்துக்குடியில் ஸ்கூல் டீச்சர். இவர் இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறையில் தனியாகக் கிடந்தார். சுஜாவின் அண்ணன் ஐஸ் கம்பெனி வைத்திருந்தார். மேற்பார்வைக்கு வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "ஐஸ் எங்கயும் ஓடிப்போயிராது அண்ணாச்சி. அதை மேய்க்க நான் எதுக்கு?" என்பார் சார்.

அவர் வந்த வருஷம், ஃபுட்பால் அணியில் சேரலாம் என்று நோட்டீஸ் போர்டில் போட்டால் ஒரு பையன் எட்டிப் பார்க்கவில்லை. தேறுகிறவன் எல்லாம் ஹாக்கிக்குப் போய்விடுவான். மனுஷன் சளைக்கவில்லை. ஹாக்கிக்கு ஆள் எடுக்கிற இடத்துக்கே போய் வேலி ஓரமாக நின்றார். கழித்துவிட்ட பையன்கள் தலையைத் தொங்கப்போட்டு வெளியே வர வர ஒவ்வொருத்தனாக மடக்கினார். "ஹாக்கிக்காரன் பந்தைத் தரையை விட்டுத் தூக்க மாட்டான் அண்ணாச்சி. பாஸ் குடுக்கக் கஞ்சத்தனம் பண்ண மாட்டான். பாதி வேலையை அவிய முடிச்சுக் குடுத்துட்டாவ. மீதியைத்தான் நான் பாக்கணும்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். ஆறு வருஷம் இதுதான் அவருடைய வித்தை. மற்ற காலேஜ்காரர்கள் பந்தை வானத்துக்கு அடித்துவிட்டுப் பின்னால் ஓடுவார்கள். எங்கள் பையன்கள் தரையோடு தரையாக, ஆளுக்கு ஆள் தட்டித் தட்டிக் கொண்டுபோவார்கள். எனக்கே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெளியே சொல்லவில்லை.

ஆனால் ஹாக்கியை மட்டும் அவர் பார்க்க மாட்டார். ஆறு வருஷம் இந்த ஊரில் குடியிருந்துவிட்டு ஒரு மேட்ச்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. "காலை வச்சுக்கிட்டுக் கம்பால பந்தைத் தொடுதது என்ன வெளையாட்டு?" என்பார். நான் எழுந்து போய்விடுவேன். பிறகு டீ வாங்கிக்கொடுத்துச் சமாதானம் செய்வார்.

கடைசியாக நடந்த சீசனைத்தான் சொல்லவேண்டும். ஜூனில் கல்லூரி திறந்ததும் செக்ரட்டரி நவநீதகிருஷ்ணன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, அந்தக் காலத்தில் ஹாக்கியில் நல்ல பேக், கோலைக் காக்கிற தடுப்பாட்டக்காரர். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. காபி கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"சார், ஆறு வருஷம் பாத்தாச்சு. ஒரு கோப்பை வரலை. இந்த வருஷம் யுனிவர்சிட்டி மண்டலக் கோப்பையைக் கொண்டாந்தீங்கன்னா டீம் இருக்கும். இல்லேன்னா கலைச்சிருவோம். ஃபுட்பால் பயலுவளுக்குன்னு குடுக்கிற காலேஜ் சீட்டை ஹாக்கிக்கு மாத்திருதேன். இது ஹாக்கி மண்ணு சார். இங்கன வேற எதுவும் மொளைக்காதுன்னு நான் ஆரம்பத்துலயே சொன்னேன்லா?"

சார் காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். படியிறங்கி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொண்டாந்திருவோம் அண்ணாச்சி" என்றார். 'கொண்டுவந்துவிடுவோமா' என்று கேட்டது போலத்தான் இருந்தது.

எங்கள் மைதானத்தில் காலையும் மாலையும் ஹாக்கி. ஃபுட்பாலுக்குக் கிடைத்தது உச்சிவெயில். கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும், விரிசலுக்குள் பையனின் பாதம் முழுசாய்ப் போகும். அதன்மேல் சரள் கல் கொட்டி ஓடினார்கள். மழை பிடித்ததும் அதுவும் போயிற்று. நனைந்த கரிசலில் நாலு எட்டு வைத்தால் பூட்ஸில் ஒட்டுகிற மண்ணே ஒரு கல் கனம் கனக்கும், பந்து உருளாமல் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். சார் பசுவந்தனைக் கிராமத்துக்கு ஓடினார். அங்கே தானியம் காயவைக்கிற சிமெண்டுக் களம் மழைக்காலத்தில் சும்மா கிடக்கும். ஊர்க்காரர்களின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி அதை வாங்கினார். பையன்கள் பஸ் ஏறிப் போய் அந்தச் சிமெண்டுத் தரையில் விழுந்து புரண்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தார்கள்.

முதல் மேட்ச் படுதோல்வி. அடுத்தது சமன். சாருக்குச் சோறு இறங்கவில்லை. மெஸ்ஸில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சாம்பாரில் விரலால் கோடு போட்டு, பிரின்ஸ்டன் இங்கன, இவன் அங்கன என்று அணியை நிறுத்திக்கொண்டிருப்பார். பிரின்ஸ்டன் எங்கள் கேப்டன், முன்வரிசை ஆட்டக்காரன். வேதக்காரராக, கிறிஸ்தவராகப் பிறந்த சார் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் செண்பகவல்லி அம்மன் சந்நிதியில் விளக்குப் போடுவதை நானே பார்த்தேன். என்னைக் கண்டதும் திருட்டு முழி முழித்தார். "ஊருக்காரிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்னுதான்" என்றார். சிரிப்பு வந்தது, சிரிக்க மனசு வரவில்லை. சுஜா டீச்சர் போன் போட்டு, வந்துவிடுங்கள், உடம்பு கெட்டுவிடும் என்று அழுதிருக்கிறார். இவர் போனை வைத்துவிட்டார்.

அப்புறம் ஜெயிக்க ஆரம்பித்தோம். எனக்கே நம்பிக்கை இல்லை, ஆனால் ஜெயித்தோம். அதற்கு முக்கியக் காரணம் கோல்கீப்பர் வெயிலுமுத்து. இடைசெவல் கிராமத்துப் பையன். அப்பாவுக்கு மானாவாரிக் காடு. மழை ஏய்த்தால் ஒன்றுமில்லை, மழை அதிகமானாலும் ஒன்றுமில்லை. வெயிலுமுத்து சின்ன வயசிலிருந்து ஹாக்கி கீப்பர். நெஞ்சுக்கவசமும் காலுக்குக் கட்டுகிற பேடும் கிளப்பில் ஒரே ஒரு செட்தான் இருந்தது. அவனைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடுகிற ஒருத்தன் வந்ததும் அது அவனுக்குப் போய்விட்டது. பேட் இல்லாத ஹாக்கி கீப்பர் என்ன செய்வான்? வேலியோரம் சார் நின்றுகொண்டிருந்தார். கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது கடைசி வருஷம். அதிகம் பேசாத பையன். எதிராளி காலைத் தூக்கும்போதே பந்து வருகிற இடத்தில் போய் நிற்பான். அரையிறுதியில் அவன் தடுத்த தடுப்புகளைப் பார்த்துவிட்டு சார் என் தோளில் சாய்ந்துகொண்டார். ஓங்குதாங்கான மனுஷர், என்னால் தாங்க முடியவில்லை.

மழை நின்று தரை காய்ந்த பிறகு இறுதிப்போட்டி, எங்கள் மைதானத்தில். அதைத்தான் சார் பெரிய அதிர்ஷ்டம் என்று நினைத்தார். சொந்த மண், சொந்தச் சரள், எங்கே குழி எங்கே மேடு என்று பையன்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் அடுத்த வாரம் அதே மைதானத்தில் ஹாக்கி டோர்னமெண்ட். ஃபுட்பால் கோடுகளோடு ஹாக்கிக் கோடுகளையும் சுண்ணாம்பில் பளிச்சென்று போட்டு வைத்திருந்தார்கள். அழிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "கெடக்கட்டும் அண்ணாச்சி, கோடு என்ன நம்மளைக் கடிக்கவா போகுது?" என்றார்.

பார்க்க வந்தது ஏழெட்டுப் பேர். எங்கள் சிமெண்டுப் படியில் எப்போதும் உட்காருகிற ஹாக்கிக் கூட்டத்தில், வேறு வேலை இல்லாதவர்கள். எதிரே தூத்துக்குடிப் பக்கத்துக் காலேஜ் ஒன்று, வேன் பிடித்து ஆதரவாளர்களோடு வந்திருந்தது. முதல் பாதியிலேயே பிரின்ஸ்டன் ஒரு கோல் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் உயிரைப் பிடித்துக்கொண்டு தடுத்ததுதான். சார் கோட்டோரமாக நொண்டி நொண்டி மேலும் கீழும் நடந்தார். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்துவிடுவார்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். வெயிலுமுத்து இப்போது எங்கள் படிக்கு நேரே இருக்கிற கோலில் நின்றான். பையன் களைத்துப் போயிருந்தான், கண்ணில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. எதிராளி ஒருத்தன், நல்ல தூரத்தில் இருந்து, வேறு வழி தெரியாமல் ஒரு அடி அடித்தான். பெரிய அடி இல்லை. தரையோடு உருண்டு வந்தது. வெயிலுமுத்து சரியாக அது வருகிற வழியில்தான் நின்றான். குனிந்தால் எடுத்துவிடலாம். அவன் அடித்தவனின் காலைப் பார்த்தான், அந்தக் காலுக்கு முன்னால் கிடந்த கோட்டைப் பார்த்தான், தன் காலைத் தூக்கிப் பந்துக்கு வழிவிட்டான்.

பந்து உள்ளே போய்விட்டது.

அதோடு விட்டானா? நிதானமாக வலைக்குள் போய்ப் பந்தை எடுத்துவந்து, கோலுக்கு முன்னால் தள்ளி வைத்துவிட்டு, ரெஃப்ரீயைப் பார்த்துக்கொண்டு நின்றான். எதிர் அணிக்காரர்கள் ஒருத்தன்மேல் ஒருத்தன் ஏறிக் குதிப்பதைப் பார்த்த பிறகுதான் அவன் முகம் மாறியது. அந்த முகத்தை நான் எந்த ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன்.

அதோடு எங்கள் அணி உடைந்துவிட்டது. பையன்களுக்குக் கால் ஓடவில்லை. இன்னொரு கோல் வாங்கித் தோற்றோம்.

விசில் ஊதியதும் சார் மைதானத்துக்குள் போனார். நேராக வெயிலுமுத்துவிடம் போய், "ஏலே, ஏன்லே விட்ட?" என்று கேட்டார். அவன் தரையில் கிடந்த கோட்டையே பார்த்தான். பளாரென்று ஒரு அறை. ஆறு வருஷத்தில் ஒரு பையன்மேலும் கை வைக்காத மனுஷர். எதிர் அணிக் கூட்டம் இதையெல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அறையில் அவர் சட்டைகூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் பொறுமையாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன்.

"சார், ஹாக்கியில கோலைச் சுத்தி அரைவட்டமா ஒரு கோடு இருக்கும். 'டி'ம்போம். அதுக்கு வெளிய நின்னு அடிச்ச பந்து நேரா உள்ள போனாலும் கோல் கெடையாது. கீப்பர் அதைத் தொடக்கூடாது, தொட்டா வம்பு. வெளிய இருந்து வந்தா விட்டுருலேன்னு சின்னப் பிள்ளையிலேயே அடிச்சு அடிச்சுப் பழக்குவாவ. விட்டுட்டு, பந்தை எடுத்து வச்சு நம்ம பக்கத்துல இருந்து ஆட்டத்தைத் தொடங்கணும். அவன் செஞ்சது அதுதான். சுண்ணாம்புக் கோடு அங்கன பளிச்சின்னு கெடந்துச்சு. அடிச்சவன் அதுக்கு வெளிய நின்னான். பையனுக்குக் களைப்புல ஹாக்கி வந்துட்டு."

அவர் என்னையே பார்த்தார். "நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். படியில இருந்த நாங்க எல்லாரும் பாத்தோம். பந்து உள்ள போகும்போது எங்களுக்கும் பதறலை சார். நல்லா விட்டாம்லேன்னுதான் எனக்கும் தோணுச்சு. கோல்னு ஞாபகம் வரவே ஒரு மூச்சு நேரம் ஆச்சு."

சார் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "பாதி வேலையை அவிய முடிச்சுக் குடுத்துட்டாவன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே அண்ணாச்சி" என்றார்.

மறுநாளே அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. படம் பிடித்தவன் எதிர்ப்பக்கம் நின்றதால் ஹாக்கிக் கோடு படத்தில் விழவில்லை. பையன் வேண்டுமென்றே காலைத் தூக்கி வழிவிடுவதும், அலட்டிக்கொள்ளாமல் பந்தை எடுத்து வைப்பதும், கோச்சிடம் அறை வாங்குவதும் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மேட்சை எவ்வளவுக்கு வித்தான் என்று கேள்வி போட்டு அனுப்பினார்கள். வம்பு ருசியாக இருக்கும்போது யார் நின்று விசாரிக்கப் போகிறார்கள்?

செக்ரட்டரி கூப்பிட்டு அனுப்பினார். மேனேஜர் என்பதால் நானும் போனேன். மனுஷன் சாரைக் கண்டதும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க கோப்பையைக் கையில பிடிச்சிட்டீங்க. ஒரு களவாணிப்பய தட்டிவிட்டான். உங்களை எப்படிக் கொறை சொல்லுதது? புதன்கெழமை கமிட்டி வச்சு அவனை விசாரிப்போம். வாங்கினது உண்மைன்னா டி.சி.யைக் குடுத்து அனுப்பிருவோம். டீமை நான் கலைக்கலை. இன்னும் ஒரு வருஷம் தாரேன். அடுத்த தடவை கட்டாயம் கொண்டாந்திருவீங்க."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, அவருக்கும் புரிந்துவிட்டது. பையன் காசு வாங்கியவன் என்று ஆனால் அணி பிழைக்கும். பையன் ஹாக்கிப் பழக்கத்தில் விட்டான் என்று உண்மையைச் சொன்னால், இந்த மண்ணில் ஹாக்கி தவிர எதுவும் முளைக்காது என்று சொன்னவர் கையிலேயே கத்தியை எடுத்துக் கொடுத்த மாதிரி. அணியில் பாதிப் பேர் ஹாக்கியில் கழித்துவிடப்பட்டவர்கள். அவர்களைச் சேர்த்தது சார். அவருடைய வித்தையேதான் அவரைக் கவிழ்த்தது.

"அண்ணாச்சி, டி விஷயத்தை இப்போதைக்கு யாருட்டயும் சொல்லிராதீங்க" என்றார்.

எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அப்படியே லேபுக்குப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெயிலுமுத்து வந்தான். நானும் சாரும் ஸ்டோர் ரூமில் வலைகளை மடித்துக்கொண்டிருந்தோம். கன்னத்தில் வீக்கம் இன்னும் வடியவில்லை. வாசலிலேயே நின்றான்.

"சார், காசு வாங்குனேன்னு நாளைக்கு நானே சொல்லிருதேன்."

சார் கையில் இருந்த வலை கீழே விழுந்துவிட்டது.

"நான் விட்டது எதுக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிட்டுன்னு அண்ணாச்சி சொன்னாவ. அது போதும் சார். வெளிய சொன்னா நம்ம டீமைக் கலைச்சிருவாங்கள்லா? பிரின்ஸ்டன், மத்த பயலுவ எல்லாம் எங்க போவாங்க? எனக்கு டி.சி. குடுத்தாக் குடுக்கட்டும். காட்டு வேலை இருக்கு."

"ஒங்கப்பா என்ன சொல்லுதாரு?" என்று நான்தான் கேட்டேன்.

"அவிய வீடியோவைப் பாத்தாவ. ரெண்டு நாளா எங்கூடப் பேசலை."

சார் ஒரு வார்த்தை சொல்லவேண்டுமே! வேண்டாம்லே என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. குனிந்து வலையை எடுத்தார், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். பையன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். அந்த மௌனத்துக்காக நான் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் வாங்கிக்கொண்டார். "எனக்கு வேற என்ன இருக்கு அண்ணாச்சி? முட்டி போச்சு, வயசு போச்சு. இந்தப் பதினஞ்சு பயலுவதான் இருக்கானுவ. இவங்களும் போயிட்டா நான் என்ன செய்வேன்?" என்று கேட்டார்.

புதன்கிழமை கமிட்டி. செக்ரட்டரி, பிரின்சிபால், ஒரு ஓரத்தில் சார், நான். வெயிலுமுத்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்றான்.

"காசு வாங்குனியாலே?" என்றார் செக்ரட்டரி.

"ஆமா சார். வாங்கினேன்."

"யாருகிட்ட?"

பையன் அதை யோசித்துக்கொண்டு வரவில்லை. பொய் சொல்லிப் பழக்கம் இருந்தால்தானே. வாயைத் திறந்து திறந்து மூடினான். "ஒருத்தரு... பஸ் ஸ்டாண்டுல..." என்றான். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. ஆனாலும் சார் பக்கம் மட்டும் அவன் திரும்பவே இல்லை. திரும்பினால் அவர் உடைந்துவிடுவார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

சார் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"பொய் சொல்லுதான் சார். அவன் யாருட்டயும் வாங்கலை. டீமைக் காப்பாத்தப் பொய் சொல்லுதான். பந்து டி-க்கு வெளிய இருந்து வந்துச்சு. அதான் விட்டான்."

அவ்வளவுதான். ஹாக்கி பேக்காக ஆடிய மனுஷருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. செக்ரட்டரி இரண்டு கையையும் மேஜையில் ஊன்றி எழுந்தார். "விட்டுட்டு எடுத்து வச்சானே... அட!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. மேஜையைச் சுற்றி வந்து பையனின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். "ஏலே, ஆட்டம் முடியப்போற நேரத்துல, அந்தக் களைப்புலயும் அடிக்கிறவன் காலைப் பாத்தியாக்கும்? கோட்டைப் பாத்தியாக்கும்? இப்படி ஒரு கீப்பரையாலே கழிச்சுவிட்டானுவ?" இன்றைக்கே நம் ஹாக்கி அணியில் சேர்ந்துகொள், பேட், ஹெல்மெட் எல்லாம் புதுசாக வாங்கித் தருகிறேன் என்றார். உண்மையான சந்தோஷத்தில்தான் சொன்னார். பையன் மாட்டேன் என்று தலையாட்டினான்.

"சேந்துக்கோலே" என்றார் சார். "நல்ல கீப்பருன்னு சொல்லுதாவள்லா. சேந்துக்கோ."

செக்ரட்டரி அவர் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா சார்? நான் சொன்னேன்லா, இது ஹாக்கி மண்ணு. பையங்க ஒடம்புக்குள்ளயே இருக்கு. நீங்களும் நானும் மாத்த முடியாது. மீதிப் பயலுவ படிப்பை முடிக்கட்டும், சீட்டுல கை வைக்கலை. டீம் மட்டும் வேண்டாம். வருத்தப்படாதீங்க." ஒரு கடுஞ்சொல் கிடையாது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். வெளியே வரும்போது பிரின்சிபால் சாரின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த வாரம் ஹாக்கி டோர்னமெண்டுக்கு முன்னால் ஃபுட்பால் கோல் கம்பங்களைப் பிடுங்கச் சொல்லிவிட்டார்கள். மழை நின்று கரிசல் இறுகிக் கிடந்தது, காய்ந்துவிட்டால் அது கல். பியூன்கள் இரண்டு பேர் ஆட்டிப் பார்த்தார்கள், அசையவில்லை. நானும் கை வைத்தேன், அசையவில்லை. அணியோடு வேலையும் போய்விட்டதால், சார் அறையைக் காலி செய்துவிட்டு, ஊருக்குப் போகிற வழியில் சொல்லிக்கொள்ள வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பையைக் கீழே வைத்தார். குழாயடிக்குப் போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கம்பத்தின் அடியில் ஊற்றினார். ஊறட்டும் என்று உட்கார்ந்திருந்தார். ஹாக்கிப் பயிற்சிக்கு வந்த வெயிலுமுத்து இதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். கம்பத்தை ஒரு பக்கம் அவன் பிடித்தான், இன்னொரு பக்கம் சார். ஆட்டி ஆட்டி, அடிமண்ணோடு பெயர்த்து எடுத்துப் படுக்கப் போட்டார்கள்.

பியூன்கள் அடுத்த கம்பத்துக்கு நகர்ந்தார்கள். சார் கூப்பிட்டார்.

"குழியை மூடிட்டுப் போங்கடே. ஹாக்கிப் பிள்ளைய ஓடும்போது காலு உள்ள போயிரும்."

யாரும் வருவதற்குள் அவரே கையால் மண்ணை அள்ளிப் போட்டார், அதன்மேல் ஏறி நின்று மிதித்தார். அழுதுகொண்டே மிதித்தார். வெயிலுமுத்து, "போதும் சார், போதும் சார்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். நான் ஹாக்கிக்காரன்தான், இன்றைக்கும் அந்தப் படியில்தான் உட்காருகிறேன். ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் நின்றபோது எனக்கு எங்கள் ஊர்மேலேயே வெறுப்பு வந்தது.